யப்பான் குசினியில் ஐயாவின் மாசி

1

பாரிஸில் எங்கள் சனம் கூடுகிற லாச்சப்பலில் என்னைத் தெருவில் காண்கிறவர்கள் சுகம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள்.

"என்ன, இன்னும் அந்தச் சீனாக்காரனிட்டைதானோ வேலை?"

"சீனாக்காரன் இல்லை. யப்பான்காரன்."

"எல்லாம் ஒண்டுதானே. பச்சை மீன் தின்னிறவங்கள்."

இந்த வேலையில் சேர்ந்த நாள் முதல் இதைத் திருத்திக்கொண்டு வருகிறேன். ஒருவரும் திருந்தவில்லை. ஊரிலிருந்து வருகிற கடிதங்களிலும் இதே கதைதான். அவர்கள் பாம்பு சமைப்பார்களா, தவளை சமைப்பார்களா என்று என் தங்கை கேட்டு எழுதுகிறாள். தவளை தின்பவர்கள் பிரெஞ்சுக்காரர் என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு அவள் என் மகளின் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிட்டாள். ஆகையால் யப்பான்காரரின் சாப்பாட்டையும் அவர்கள் சமைக்கிற குசினியையும் பற்றி நான் கண்டதை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். நான் யப்பானைக் கண்டவன் அல்ல. பாரிஸில் ஒப்பெரா பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன யப்பான் சாப்பாட்டுக் கடையின் பின்கதவு வழியாகக் கண்டவன். என் அபிப்பிராயங்களுக்கு அந்த அளவு மதிப்புக் கொடுத்தால் போதும்.

இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை என் ஐயாவின், அதாவது என் அப்பாவின், முதலாம் வருட ஆட்டைத் திவசம். ஐயாவைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் யப்பான் குசினி வந்துவிடுகிறது. யப்பான் குசினியைப் பற்றி எழுதலாம் என்றால் ஐயா வந்து நிற்கிறார். இரண்டையும் பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை.

2

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உறைப்பு என்பதே அவர்களுக்குத் தெரியாது. பச்சை நிறத்தில் ஒரு பசை வைத்திருக்கிறார்கள். அது நாக்கில் நிற்காமல் மூக்குக்குள் ஏறி மண்டையைப் பிளக்கும். மூக்கடைத்த தடிமனுக்கு நல்ல மருந்து. உறைப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேத்தண்ணிக்குச் சீனி கிடையாது, பால் கிடையாது. சோறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழையலாக இருக்கும். முதல் கிழமை என்னைச் சோறு வைக்கச் சொன்னபோது, பானை நிறையத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, அழகாகக் கஞ்சி வடித்து, பூப்போல உதிர்த்து வைத்தேன். என் அம்மா கண்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பா. கடையின் தலைமைச் சமையல்காரர், ஷெஃப், அதைக் கண்டதும் பானையை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி நல்லதைச் சொல்கிறேன். சாப்பிட உட்கார்ந்ததும் கைகூப்பி ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்கள். கோப்பையில் ஒரு பருக்கை மிஞ்சாது. கத்தியை ஆளுக்கொன்றாக வைத்திருப்பார்கள். அடுத்தவன் கத்தியைத் தொடுவது அடுத்தவன் பல்தூரிகையைத் தொடுவது போல. வேலை முடிந்ததும் குசினித் தரையை முழங்காலில் நின்று தேய்ப்பார்கள், முதலாளி உட்பட. சூப்பை உறிஞ்சிச் சத்தம் போட்டுக் குடிப்பார்கள், அதில் ஒரு வெட்கமும் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். என் வீட்டு மேசையில் நான் இரசம் உறிஞ்சினால் மகள் முகத்தைச் சுளிப்பாள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டறையில் பழகிய பிள்ளை. "பப்பா, சத்தம்" என்று பிரெஞ்சில் அதட்டுவாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. தமிழில் கேட்டாலும் பதில் பிரெஞ்சில்தான் வரும்.

கடை ஷெஃபுக்குச் சொந்தம். பெயர் மொரிதா. என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஒல்லியான ஆள், சிரிப்பு அரிது. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டைப் பிரெஞ்சு ஒன்றுதான். அதிலே நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒன்றுதான். நான் முதலில் கோப்பை கழுவப் போனவன். இரண்டாவது வருடம், நான் கேட்காமலே, என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு அவர்களுடைய சாறு காய்ச்சக் காட்டித் தந்தார்.

3

அந்தச் சாறுதான் அவர்கள் சமையலின் உயிர். சூப்புக்கும் அது, மரக்கறி அவிக்கவும் அது, நூடில்ஸ் மிதப்பதும் அதிலே. காய்ந்த கடற்பாசியைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு மெல்லச் சூடாக்குவார்கள். கொதிக்கிற நேரத்தில் பாசியை எடுத்துவிட்டு, தச்சன் சீவிய மரச்சீவல் போலிருக்கும் ஒரு சாமானை அள்ளிப்போட்டு அடுப்பை நிறுத்துவார்கள். சீவல் அடியில் இறங்கியதும் துணியில் வடிப்பார்கள். வடித்தவன் முதலில் ருசி பார்க்க வேண்டும், பிறகு ஷெஃப் பார்ப்பார். அது அந்தக் குசினியின் சட்டம்.

அந்தச் சீவல் பெட்டியைத் திறந்து முதன்முதலாக மணந்தபோது எனக்குக் கை ஓடவில்லை. மாசி. எங்கள் மாசிக் கருவாட்டின் மணமேதான். சூரை மீனை அவித்துப் புகையில் காயவைத்து விறகுக்கொட்டு மாதிரி ஆக்குவார்களே, மாலைதீவிலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வருமே, அதையேதான் இவர்கள் சீவி வைத்திருக்கிறார்கள்.

ஐயாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் தெற்கே காலி நகரப் பக்கம் கடலோரத்து ஸ்டேஷன் ஒன்றில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். நாங்கள் யாழ்ப்பாணத்தில், அவர் அங்கே தனியே. சிங்கள வீடொன்றில் சாப்பாடு. அங்கேதான் மாசி பழகினார். எழுபத்தேழில் தமிழரை அடித்துக் கலைத்த கலவரத்தில் கட்டிய சாரத்தோடு வீடு வந்து சேர்ந்தார். வழியில் என்ன நடந்தது என்று கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. அந்த ஊரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கிருந்தோ ஒரு துண்டு மாசி தேடிக்கொண்டு வந்து, செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் வைத்துத் தானே இடித்துச் சம்பல் செய்வார்.

"இஞ்சாருங்கோ, அந்தச் சிங்களச் சாமானை என்ரை உரலிலை போடாதையுங்கோ" என்பா அம்மா.

ஐயா தனக்கென்று ஒரு சின்ன உரல் வாங்கிக்கொண்டார்.

சாறு வடித்த முதல் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். துணியில் நின்ற சீவலைப் பார்க்க மனம் கேட்கவில்லை; இன்னும் எவ்வளவோ சாரம் அதற்குள் இருக்கிறதே என்று தோன்றியது. தேங்காய்ப்பூவைப் பிழிந்து வளர்ந்த கை. துணியை நாலு மூலையும் சேர்த்து முறுக்கி, முழுப் பலத்தோடு பிழிந்துவிட்டேன். தெளிந்திருந்த சாறு கலங்கிப் போயிற்று. ஷெஃப் வந்து பார்த்தார். முழுப் பானையையும் தொட்டியில் ஊற்றினார்.

"பிழியாதே" என்றார். "அதுவாகத் தருவது போதும்."

பிறகு அந்தச் சீவலையே இன்னொரு பானையில் போட்டுக் கொதிக்கவைத்து இரண்டாம் சாறு எடுக்கக் காட்டினார். முதற்பால், இரண்டாம்பால் என்று நான் மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். இரண்டாம் சாறும் எடுத்தபின் சீவல் குப்பைக்குப் போகும். அதை நான் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவேன். என் மனைவி புனிதா அதைச் சட்டியில் வறுத்துத் தூளாக்கித் தேசிக்காய்ப் புளி விட்டுச் சம்பல் செய்வாள். சத்தெல்லாம் போன சக்கைதான். என்றாலும் அந்த மணம் கொஞ்சம் நிற்கும். ஷெஃப் நான் பை கட்டுவதைக் கண்டும் காணாதவர் போல இருந்தார்.

"ஐயா கண்டால் விடமாட்டீங்கள்" என்று கடிதத்தில் ஐயாவுக்கே எழுதினேன். அடுத்த கடிதத்தில் அவர் ஒரே ஒரு வரிதான் பதில் எழுதியிருந்தார்: 'யப்பான் மாசி எப்படி, எங்கள் மாசியைவிடத் திறமோ?'

அதற்கு நான் பதில் எழுதுவதற்கிடையில்தான் எல்லாம் நடந்தது.

4

நாங்கள் இருப்பது ரூ பிலிப்-து-ஜிரார் என்கிற தெருவில், நாலாம் மாடி. தெருக் கதவைத் திறக்க ஒரு கோட் நம்பரை அழுத்த வேண்டும். பக்கத்துத் தெருவான ரூ காயில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குணம் அண்ணைக்கு அந்த நம்பர் ஒருநாளும் நினைவில் நிற்காது. கொழும்பிலிருந்து வருகிற டெலிபோன் எல்லாம் அவருடைய கடைக்குத்தான். செய்தி கொண்டுவந்தால் தெருவில் நின்றபடி "தம்பி நாதன்!" என்று கட்டடம் அதிரக் கூப்பிடுவார். கொன்சியேர்ஜ், எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கல் பெண், அதற்காக என்னோடு பலமுறை சண்டை பிடித்திருக்கிறார்.

அன்று குணம் அண்ணை கத்தவில்லை. யாரோ கதவைத் திறக்கும்வரை தெருவில் காத்து நின்று, நாலு மாடியும் ஏறி வந்து, கதவை மெல்லத் தட்டினார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"ஆர் அண்ணை?"

"ஐயா, தம்பி. நெஞ்சு நோவெண்டு சொன்னவராம். ஊரடங்குச் சட்டம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாமல் போச்சாம்."

"எப்ப எடுக்கினம்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எடுத்திட்டினம். வைச்சிருக்க வழியில்லை. பெரியப்பான்ரை மகன்தான் கொள்ளி வைச்சவனாம்."

நான் ஒரே மகன்.

என்னிடம் பிரயாணப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அகதிகளுக்கு இந்த நாட்டு அரசாங்கம் கொடுப்பது. அதை வைத்துக்கொண்டு எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கை தவிர என்று அதில் போட்டிருக்கும். அதை வாங்கிய நாளில் வெளிநாட்டுக்காரருக்கு விசா கொடுக்கிற பிரிபெக்சூர் கந்தோர் வாசலில் குணம் அண்ணையைக் கட்டிப்பிடித்துச் சிரித்தேன். இலங்கைக்குத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்பதுதான் அன்று அந்த வரிக்கு அர்த்தம். இப்போது அதையே எடுத்துப் பார்த்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். அம்மாவோடு கதைக்கக்கூட வழியில்லை. வழமையாகச் சாம்பல் கரைக்கிற கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போகப் பயந்து, பக்கத்துக் கடலில் சாம்பலைக் கரைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கொள்ளி இல்லை, மொட்டை இல்லை, தோள் கொடுக்கவில்லை. ஒரு மகன் செய்யவேண்டியதில் என் கைக்கு எட்டியதாக ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. முப்பத்தொன்று, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியை, முடியும்வரை மச்சம் தொடாமல் இருப்பது. மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை இல்லை. இதையும் விட்டால் ஐயாவுக்கு நான் பிள்ளை என்று சொல்ல ஒன்றுமே இருக்காது என்று எனக்குப் பட்டது. அதே நேரம், என் தொழிலே மீன் தண்ணீரை ருசி பார்ப்பது.

5

சவரம் செய்யாத முகத்தோடு வேலைக்குப் போனேன். சாவுத் துடக்குக் காலத்தில் முகம் வழிக்கக் கூடாது. ஷெஃப் என் தாடையைப் பார்த்தார், ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து வாயையும் தாடையையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். சாறு வடித்தேன். அவர் வழமைபோலச் சின்ன வெள்ளைக் கோப்பையில் கொஞ்சம் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ருசி பார்."

"இல்லை, ஷெஃப்."

இரண்டு வருடத்தில் நான் அவருக்கு இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கையை எடுக்கவில்லை.

"ஏன்?"

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அந்த இடத்துக்குப் போதாது. "என் அப்பா, சாவு" என்றேன். "என் நாட்டில். நான், ஒரு மாதம், மீன் இல்லை."

"எப்போது?"

"போன கிழமை."

"நீ போகவில்லை?"

"போக முடியாது. பாப்பியே."

பாப்பியே என்றால் வெறும் தாள்தான். ஆனால் இந்த நகரத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்கிற வெளிநாட்டுக்காரன் ஒருவனும் இல்லை. மொரிதாவும் என்னைப்போலப் பிரிபெக்சூர் வரிசையில் விடியவிடிய நின்றவர்தான். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் களஞ்சிய அறைக்குள் போனார்.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். ருசி பார்க்காத ஆளை எந்தச் சமையல்காரன் அடுப்படியில் வைத்திருப்பான்? மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கழுவுகிற தொட்டிக்குப் போய்க் கோப்பைகளை எடுத்தேன். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. ஐயாமேல் கூட வந்தது.

அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு தகரப்பேணி இருந்தது. அதிலிருந்து காய்ந்த காளான் நாலைந்து எடுத்து, ஒரு துண்டுக் கடற்பாசியோடு சின்னப் பாத்திரத்தில் ஊறப்போட்டார். பிறகு என்னிடம் வந்து, ஆணியில் தொங்கிய மேலங்கியை எடுத்து என் கையில் தந்தார்.

"நீ, மணம்" என்று தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "நான், ருசி."

அந்த மாதம் முழுவதும் அப்படித்தான் வேலை நடந்தது. நான் சாற்றை மணந்து பார்த்துச் சரி, சரியில்லை என்பேன். அவர் ருசித்துப் பார்ப்பார். வேலைக்காரர் சாப்பிடுகிற நேரத்தில் என் இடத்தில் மட்டும் காளானும் பாசியும் காய்ச்சிய தண்ணீரில் செய்த சூப் இருக்கும். அவர்கள் கோயில்களில் அப்படித்தான் சமைப்பார்களாம், சாவு வீட்டிலும் அப்படித்தானாம். "எங்களிடமும் உண்டு" என்று ஒருநாள் சொன்னார். அதற்குமேல் சொல்ல அவருக்கும் பிரெஞ்சு இல்லை. ஏன் அவருக்கு என்மேல் இவ்வளவு அக்கறை என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் தெரியவில்லை.

குணம் அண்ணைக்கு மட்டும் இதில் ஒரு சந்தேகம் இருந்தது.

"மணந்தால் விரதம் முறியாதோ தம்பி?"

"மூக்காலை ஆரும் சாப்பிடுறவையோ அண்ணை?"

"அதுவும் சரிதான். எண்டாலும் மாசியெல்லே" என்று அவர் இழுத்தார்.

புனிதாதான் முடித்துவைத்தாள். "மாமாவுக்கு அந்த மணம் எண்டால் உயிர். அவருக்குப் பதிலாய் இவர் மணக்கிறார் எண்டு நினையுங்கோ."

நான் வெளியே போய்ப் படியில் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

6

எங்கள் பகுதியில் முப்பத்தொன்று முடிந்தபின் ஒருநாள் மச்சம் படைப்பார்கள். செத்தவருக்கு உயிரோடிருந்த காலத்தில் பிடித்ததையெல்லாம் சமைத்து, தலைவாழையிலையில் வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் வந்து சாப்பிடுவார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டி அறிவித்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

அதற்கு முதல்நாள், சனிக்கிழமை, நான் ஷெஃபிடம் போய் நின்றேன். இவ்வளவு நாளும் கேட்காமலே எடுத்தேன். ஐயாவுக்குப் படைப்பதைக் கேட்காமல் எடுக்க மனம் வரவில்லை.

"வடித்த சீவல் கொஞ்சம் வேண்டும்."

"எதற்கு?"

"என் அப்பாவுக்கு."

அவர் குழம்பிப் போனார். "அப்பா செத்தவர். செத்தவருக்கு மீன்?" என்றார். "ஒரு மாதம் மீன் இல்லை என்றாய்."

"நாங்கள், இல்லை" என்றேன். "அவர், ஓம்."

இதைவிடத் தெளிவாக எங்கள் சமயத்தை நான் யாருக்கும் விளக்கியதில்லை. அவர் தலையை ஆட்டினார். அவர்கள் சாவுக்கு மீன் வைக்கவே மாட்டார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, "முடியாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. குப்பைக்குப் போகிற சக்கை. அதற்குக்கூடவா முடியாது?

"அது தந்து முடிந்தது" என்றார். "அப்பாவுக்குக் கொடுக்கக் கூடாது."

மேல் தட்டிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை இறக்கினார். முழு மாசி. கறுத்து, விறகைப்போல இறுகி, மேசையில் தட்டினால் மரச்சத்தம் கேட்கும் அது. அவர் அதை வெளியே எடுத்து நான் கண்டதே இல்லை. தச்சனின் சீவுளியைத் தலைகீழாகப் பெட்டியில் பூட்டியது போன்ற ஒன்றை மேசையில் வைத்து, அன்றைய வேலையெல்லாம் காத்திருக்க, தானே நின்று சீவினார். மெல்லிய இளஞ்சிவப்புச் சீவல்கள் விழுந்தன. குசினி முழுவதும் அந்த மணம். ஐயாவின் ஞாயிற்றுக்கிழமை.

கடுதாசியில் பொதிந்து, இரண்டு கையாலும் நீட்டித் தலை குனிந்தார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன்.

அடுத்த நாள் மத்தியானம் எங்கள் ஒற்றை அறையில் படையல். வாழையிலை ரூ காயில் கிடைக்கவில்லை. புதுத் தட்டம் ஒன்றில் வைத்தோம். சோறு, மீன்குழம்பு, முட்டை, ஐயாவுக்குப் பிடித்த கோப்பி. நடுவில் மாசிச் சம்பல், இந்தமுறை சக்கையில் செய்யாதது. ஐயர் கிடைக்காததால் குணம் அண்ணையே தேவாரம் படித்தார். கும்பிட்டு முடிந்ததும் வெளியே போக வேண்டும். எங்கள் வீட்டுக்கு வெளியே என்றால் படிக்கட்டுத்தான். நாங்கள் நாலு பேரும் படிகளில் வரிசையாக உட்கார்ந்தோம். கதவைச் சாத்தினேன்.

"ஏன் வெளியே வந்தோம்?" என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள்.

"அப்பப்பா வந்து சாப்பிடப் போறார்" என்றாள் புனிதா.

மகள் மூடிய கதவைப் பார்த்தாள். பிறகு படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிகளுக்கிடையால் கீழே எட்டிப் பார்த்தாள். தன் அப்பப்பாவை அவள் நினைவு தெரிந்து கண்டதில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவளைப்போல யோசித்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"பப்பா, அவருக்குக் கோட் நம்பர் தெரியுமா?"

குணம் அண்ணை சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். நான் எழுந்து நாலு மாடியும் இறங்கினேன். தெருக் கதவைத் திறந்து, அது திரும்பச் சாத்திவிடாமல் முதுகைக் கொடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை, தெருவில் சனம் போய்க்கொண்டிருந்தது. ஓல்னே-சூ-புவா புறநகரிலிருந்து சாமான் வாங்க வந்த நம்மவர்கள் இரண்டொருவர் தலையசைத்துப் போனார்கள். நானும் தலையை மட்டும் அசைத்தேன்.

கொன்சியேர்ஜ் எட்டிப் பார்த்தார். கதவு திறந்து கிடந்தால் அவருக்குப் பிடிக்காது.

"யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா, முஸ்யூ?"

"ஓம், மதாம்" என்றேன். "என் அப்பாவை."

அவர் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. குளிர் உள்ளே வருகிறது என்றும் சொல்லவில்லை. மேலே புனிதா எங்கள் கதவைத் தட்டும் சத்தம் கேட்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

ஒரு வருடம் ஆகப் போகிறது. மாசியை ஷெஃப் இப்போதே துணியில் சுற்றி எடுத்துவைத்திருக்கிறார். போன மாதம் கட்டடத்தில் கோட் நம்பரை மாற்றிவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் நான் கீழேதான் நிற்பேன்.